புது செட்டின் விலை: கொலு பொம்மைத் தொழில் காட்டும் வியாபாரக் கணக்கு

2019-ல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனம் நடந்தது. முதலில் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். அந்த ஆண்டு நவராத்திரி செப்டம்பர் 29-ல் தொடங்கியது. தரிசனம் முடிந்து கொலு வைப்பதற்குள் ஆறே வாரம். ஆனாலும் அந்தப் பருவத்தில் கொலு பொம்மை விற்ற கடைகளில் அத்திவரதர் இல்லாத கடையைப் பார்ப்பது அரிதாக இருந்தது. படுத்தவர், நின்றவர், களிமண்ணில், காகிதக்கூழில், உள்ளங்கை அளவில், ஒரு முழ உயரத்தில் என்று எல்லா வகையும் வந்துவிட்டன.

அந்த அத்திவரதரை முதலில் யார் வடித்தார்கள் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதில் யார் நன்றாகச் சம்பாதித்திருக்க முடியும் என்பதை மட்டும் ஓரளவு ஊகிக்கலாம். கூட்டம் சேர ஆரம்பித்த ஜூலை முதல் வாரத்திலேயே மூல உருவத்தைச் செய்து அச்சு எடுத்தவர், அந்த நேரத்தில் வர்ணத்துக்கும் கூலிக்கும் கையில் காசு வைத்திருந்தவர், சரக்கை எடுத்துக்கொள்ளத் தயாரான கடைக்காரரின் போன் நம்பர் தெரிந்தவர். கைத்திறன் இந்த மூன்றுக்கும் முன்னால் இருக்க வேண்டியதுதான். ஆனால் கைத்திறன் எல்லாரிடமும் இருந்தது.

பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை அருகே விளாச்சேரி, சென்னைக் கொசப்பேட்டை என்று பொம்மை செய்யும் ஊர்களில் மண் மிதிப்பதும் அச்சு அழுத்துவதும் கண் எழுதுவதும் தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்படும் வேலை. விலை வைப்பதும், சொந்தமாக யோசித்த உருவத்தைக் காப்பாற்றுவதும், கடைக்காரரிடம் பணத்தை வசூலிப்பதும் அப்படிச் சொல்லித்தரப்படுவதில்லை. வீட்டில் நகை செய்து விற்பவர், குரோஷாவில் பொம்மை பின்னுபவர், சோப்பு காய்ச்சுபவர் எல்லாருக்கும் இதே குறைதான். கொலு பொம்மையை வைத்து இதை விளக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. புதுப்புது உருவத்தை ஆண்டுதோறும் கேட்கிற தொழில் அது. அதனால் கற்பனைக்கு ஆகும் செலவு அதில் நன்றாகத் தெரியும்.

கண்ணில் படாத செலவுகள்

ஒரு புது செட் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் காசு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது புரியும். கிராமத்துச் சந்தை செட் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு உருவம்: காய்க்காரி, வளையல்காரர், பேரம் பேசும் பாட்டி, இப்படி. முதலில் ஒவ்வொன்றையும் கையால் வடிக்க வேண்டும். அதுதான் மூலம். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி இரண்டு பாதியாக அச்சு எடுக்கிறார்கள். மண்ணை அந்தப் பாதிகளில் அழுத்தி, ஒட்டி, வெளியே எடுத்து, ஒட்டிய விளிம்பைச் சீவி, நிழலில் காய வைத்து, அப்புறம் வெயிலில் வைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, வர்ணம் பூசி, கடைசியாகக் கண் எழுதுகிறார்கள். ஈரம் முழுதாகப் போகாத பொம்மை சூளையில் வெடிக்கும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தாலும் விரிசல் விடும்.

இதற்கு விலை வைக்கும்போது பலரும் மண், வர்ணம், விறகு, பெட்டி இவற்றைக் கூட்டி, அதற்கு மேல் "ஏதோ கூலி" என்று ஒரு தொகையைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஊருக்கு ஊர் மாறும்.

எட்டு மூல உருவங்களை வடிக்க 10 நாள். நாளுக்கு 800 ரூபாய் கூலி என்றால் 8,000. அச்சுகளுக்கு 4,000. ஆக, ஒரு பொம்மைகூட வெளியே வருவதற்கு முன்பே 12,000 ரூபாய் போய்விட்டது. முதல் பருவத்தில் 100 செட் விற்கும் என்றால் ஒரு செட்டின் தலையில் 120 ரூபாய். பொருள் செலவு செட்டுக்கு 180. அழுத்துவது முதல் கண் எழுதுவது வரை செட்டுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கு 100 வீதம் 300. இரண்டும் சேர்ந்து 480. நூற்றுக்குப் பத்து உடைகிறது, வெடிக்கிறது, வர்ணம் கெடுகிறது என்றால், உடையாத 90 செட்தான் 100 செட்டின் செலவைச் சுமக்க வேண்டும். 480 என்பது 533 ஆகிவிடும். கொட்டகை வாடகை, மின்சாரம், கடன் வட்டி எல்லாம் சேர்த்துச் செட்டுக்கு 67 என்று வைப்போம். மொத்தம் 720. அதன்மேல் 80 லாபம் வைத்தால் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கும் விலை 800.

இதே செட்டை 500-க்குக் கொடுத்துவிட்டு, பொருளுக்குப் போட்ட 180 போக 320 கையில் நிற்கிறதே என்று திருப்தி அடைபவர்கள் நிறைய பேர். உண்மையில் செட்டுக்கு 220 ரூபாய் நஷ்டம். அது ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், அந்த நஷ்டத்தை வீட்டில் இருப்பவர்கள் சுமக்கிறார்கள். வெள்ளை அடிக்கிற அம்மா, புடவைக் கரை எழுதுகிற மனைவி, பள்ளிவிட்டு வந்து விளிம்பு சீவுகிற பிள்ளை, இவர்கள் யாருக்கும் கூலி கிடையாது. குடும்பத் தொழில் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்குள் பெண்களின் சம்பளம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கணக்கு நோட்டில் முதலில் எழுத வேண்டியது அவர்களுடைய மணி நேரம்தான் என்பேன்.

செட் வியாபாரத்தில் சேதாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எட்டில் ஒன்று உடைந்தாலும் செட் போய்விடும். அதனால் ஒவ்வொரு உருவத்திலும் சில பொம்மைகளைக் கூடுதலாகச் செய்து வைப்பார்கள். மெல்லிய கை, நீட்டிய குடை போன்றவை உள்ள உருவம் அதிகம் உடையும். அதைத் தனியாகக் கவனித்து எழுதி வைத்தால், அடுத்த முறை மூலம் செய்யும்போதே அந்தக் கையை உடம்போடு ஒட்டி வடித்துவிடலாம்.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று பில்லில் போட்டால் யாரும் மறுபேச்சு பேசாமல் கட்டுகிறோம். மண் பொம்மை விற்பவரிடம் மட்டும் பாதி விலைக்குக் கேட்கிறோம். வாங்குகிறவர்களின் இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் விற்பவருக்குத் தன் அடிவிலை 720 என்று தெரிந்திருந்தால், எந்த இடத்தில் பேரத்தை நிறுத்த வேண்டும் என்பதாவது தெரியும்.

நகல் வரும் வழி

இப்போது அந்த 80 ரூபாய் லாபத்தைக் கவனியுங்கள். உங்கள் செட் நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் வேறொருவர் கடையில் ஒரு செட் வாங்கி, அந்தப் பொம்மைமேலேயே பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கிறார். மூலம் வடித்த 8,000 அவருக்கு இல்லை. 100 செட்டுக்குப் பங்கிட்டால் அது செட்டுக்கு 80 ரூபாய். அதாவது அவர் 720-க்கு விற்று உங்களுக்குக் கிடைத்த அதே லாபத்தைப் பார்க்க முடியும். அவருடைய விலைக்கு நீங்கள் இறங்கினால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. புதிதாக யோசிப்பவர் தோற்று, எடுத்துச் செய்பவர் பிழைக்கிற நிலைமை இப்படித்தான் உருவாகிறது. இதற்கு மேல் யாருக்குப் புதிதாக யோசிக்க மனம் வரும்? ஆண்டுக்காண்டு அதே தசாவதாரம், அதே கல்யாண செட் என்று கடைகள் ஒரே மாதிரி ஆவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுட்ட மண்ணில் இயற்கையே ஒரு சின்னப் பாதுகாப்பு வைத்திருக்கிறது. களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். சுட்ட பொம்மையிலிருந்து அச்சு எடுத்து மறுபடி மண்ணில் செய்தால் நகல் இன்னொரு முறை சுருங்கி, அசலைவிடச் சிறியதாக வரும். மூக்கு நுனியும் விரல் இடுக்கும் மழுங்கும். காகிதக்கூழிலும் பிளாஸ்டரிலும் இந்தப் பாதுகாப்பு அவ்வளவாக இல்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு என்ன? தோற்றத்துக்கு உரியது 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். ஒரு பொருளின் உருவம், அமைப்பு, அலங்காரம் புதிதாக இருந்தால் அதைப் பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 ஆண்டு, அதன்பின் 5 ஆண்டு நீட்டிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் ஒரு நிபந்தனை பலரைக் கவிழ்த்துவிடுகிறது: விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னால் அந்த வடிவம் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட படம், இன்ஸ்டாகிராமில் ஏற்றிய வீடியோ, முந்தைய ஆண்டு கண்காட்சியில் வைத்தது எல்லாமே வெளியீடுதான். நன்றாக விற்கிறதா என்று ஒரு பருவம் பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த உரிமையே போய்விடும். மூலம் முடிந்ததும் படம் எடுத்து விண்ணப்பித்துவிட்டு, அதன் பிறகு ஊருக்குக் காட்டுவதுதான் முறை.

பதிவு செய்யாவிட்டால் காப்புரிமை (காப்பிரைட்) தானாகவே இருக்காதா என்று கேட்கலாம். கையால் வடித்த சிற்பத்துக்கு 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் உரிமை உண்டுதான், அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தின் 15-வது பிரிவு ஒரு கதவை மூடுகிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்திருக்கக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் உரிமையாளரே செய்துவிட்டால் காப்புரிமை முடிந்துவிடும். கையால் அழுத்தி எடுக்கும் பொம்மை தொழில்முறை உற்பத்தியா என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய விஷயம். 100 செட் செய்கிறவர் அந்த வாதத்தை நம்பி இருப்பதைவிட 1,000 ரூபாய் கட்டிவிடுவது நல்லது.

பதிவு செய்தாலும் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். நகலெடுத்தவரிடமிருந்து இந்தச் சட்டப்படி நேரடியாகக் கேட்கக்கூடிய தொகை ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 25,000. ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000-ஐத் தாண்டாது. நஷ்டஈடும் தடையும் கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் பருவமே ஒரு மாதம் உள்ள சரக்குக்கு வழக்கு நீண்டால் என்ன பயன்? பதிவுச் சான்றிதழின் உண்மையான மதிப்பு மொத்த வியாபாரியிடம் பேசும்போதுதான் தெரியும். நகலை வாங்கி விற்றால் தனக்கும் சிக்கல் என்று அவருக்குப் புரிந்தால் போதும். அப்புறம், சந்தையும் தசாவதாரமும் அத்திவரதரும் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் பதிவு செய்வது நீங்கள் வடித்த அந்தக் காய்க்காரியின் உருவத்தை மட்டுமே.

புதிய கருவி, புதிய இயங்கும் முறை கண்டுபிடித்திருந்தால் அது பேட்டன்ட் எனும் காப்புரிமத்தின் எல்லை. 20 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். பரம்பரையாகத் தெரிந்த முறைக்கு அது கிடைக்காது. புவிசார் குறியீடு வேறு சங்கதி. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அது இருக்கிறது, பத்தமடைப் பாய்க்கு இருக்கிறது, நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கும். உங்கள் கற்பனையைக் காக்காது. அந்த ஊர்க்காரராக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியே பதிவு செய்துகொண்டால்தான் அந்தப் பெயரை முறைப்படி பயன்படுத்த முடியும். நாடு முழுவதற்குமான அந்தப் பதிவகம் சென்னைக் கிண்டியில்தான் இருக்கிறது.

காதில் ஒரு பொத்தான்

உருவத்தைக் காப்பது இவ்வளவு கடினம் என்றால் வேறு எதைக் காப்பது? இதற்கு ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் ஒரு பதில் கிடைத்தது. போலியோவால் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த தையல்காரப் பெண் மார்கரெட்டே ஷ்டைஃப், 1880-ல் கம்பளித் துணியில் ஒரு குட்டி யானை தைத்தார். ஊசி குத்தி வைப்பதற்காகச் செய்தது. குழந்தைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். அவருடைய தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட் 1902-ல் கைகால் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். 1903 லைப்சிக் பொம்மைச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிக்கு ஆர்டர் கொடுத்தார். அதே காலத்தில் அமெரிக்காவிலும் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் பெயரால் டெடி கரடி செய்யத் தொடங்கியிருந்தார்கள். கரடி யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

ஷ்டைஃப் குடும்பம் 1904-ல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு சிறு உலோகப் பொத்தானைப் பதித்தது. கரடியை யார் வேண்டுமானாலும் தைக்கலாம், பொத்தானை வைக்க முடியாது. 1907-ல் அந்த நிறுவனம் செய்த கரடிகள் 9,74,000. இன்றும் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள்.

கொலு பொம்மைக்கு இதைச் செய்ய ஏறக்குறைய செலவே இல்லை. மண் ஈரமாக இருக்கும்போது அடியில் ஒரு முத்திரை குத்தினால் சுட்டபின் அழியாது. அந்த முத்திரையை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யத் தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவு என்பது கிடையாது. கொலு வைக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிச் சேர்க்கும் வழக்கம் இருப்பதால் இந்த முத்திரைக்கு இங்கே கூடுதல் வேலை உண்டு. ஒருமுறை வாங்கியவர் அடுத்த ஆண்டும் வாங்கப்போகிறவர். வேறெந்தக் கைவினைக்கும் இப்படிச் சொல்லிவைத்தாற்போல் திரும்பி வரும் வாடிக்கையாளர் அமைவது கஷ்டம். சந்தை செட்டுக்கு அடுத்த ஆண்டு ஒரு பூக்காரி, அதற்கடுத்த ஆண்டு ஒரு மாட்டுவண்டி என்று அதே அளவில், அதே வர்ணத்தில் சேர்த்துக்கொண்டே போனால், சற்றுச் சிறுத்த நகல் அந்த வரிசையில் பொருந்தாது.

பணம் வரும் மாதமும் போகும் மாதமும்

மண் தொழிலுக்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு. தையில் பொங்கல் பானை, கோடையில் தண்ணீர்ப் பானை, ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல். கொலு பொம்மை மட்டும் செய்பவருக்கு இந்த இடைவருமானம் கிடையாது. தை மாதம் தொடங்கி எட்டு மாதம் செலவு, ஒரே மாதம் வரவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காய வைக்க வெயிலும் இல்லை.

இந்த எட்டு மாத இடைவெளியில்தான் பலருடைய லாபம் கரைகிறது. தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 2,000; எட்டு மாதத்துக்கு 16,000. மேலே சொன்ன கணக்கில் இரண்டு புது வடிவங்களை நூறு நூறாக 200 செட் விற்றால் கிடைக்கும் லாபம் மொத்தமே 16,000-தான். ஆண்டுக்கு 8 சதவீதத்தில் அதே தொகையை வங்கியில் வாங்க முடிந்தால் எட்டு மாத வட்டி சுமார் 5,300. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-ல் தொடங்கப்பட்டது. 35 வயதைத் தாண்டிய கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 50,000 வரை மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

கடனைவிட நல்லது முன்பணம். ஆனால் முன்பணம் கொடுக்கும் வியாபாரி விலையையும் அப்போதே முடித்துவிடப் பார்ப்பார். தை மாதத்துப் பணத்தேவையில் இருப்பவர் புரட்டாசி விலையைப் பேசும் நிலையில் இருப்பதில்லை. பழைய செட்டுகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, புதிதாக யோசித்த ஒன்றிரண்டை மட்டும் அந்தப் பேச்சில் சேர்க்காமல் வைத்திருப்பது நல்ல வழி. புதியவற்றின் விலையை ஆடிக்குப் பிறகு, அச்சும் மாதிரியும் தயாரான பிறகு பேசலாம். அந்தத் தாமதத்தில் நகலெடுப்பவருக்கும் நேரம் குறைந்துவிடும்.

சரக்கு போய்ப் பணம் வராத கடைகள் விஷயத்தில் ஒரு சட்டம் துணைக்கு இருக்கிறது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், இணையத்திலேயே செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. போதாததற்கு, கெடு தாண்டி, நிதியாண்டு முடிந்தும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் காட்டவும் வாங்கியவருக்கு முடியாது. நகரத்துக் கடைக்காரரின் ஆடிட்டர் இதை அறிவார். பொம்மை செய்பவரும் அறிந்திருந்தால், பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுக் கொடுப்பதே பாதி வசூலுக்குச் சமம்.

யார் கையால் விற்பது

800-க்குக் கொடுத்த செட் மயிலாப்பூர் மாடவீதியில் 1,300-க்கு விற்கிறது என்றால் இடையில் இருப்பவர் கொள்ளையடிக்கிறார் என்று உடனே சொல்லிவிட முடியாது. அவருக்கு இட வாடகை, ஆள் கூலி, உடைசல், விற்காமல் தங்குகிற சரக்கு எல்லாம் உண்டு. நேரடியாக விற்கப் போனால் அந்தச் செலவுகள் உங்கள் தலைக்கு வரும். பத்து நாள் கண்காட்சியில் ஸ்டால் வாடகை, வண்டி, தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து 25,000 ஆகிறது என்றால், செட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 500-ஐ வைத்து 50 செட் விற்ற பிறகுதான் செலவு கட்டும். 51-வது செட்டிலிருந்துதான் நேரடி விற்பனையின் பலன். கண்காட்சியில் நின்று 800-க்கே கொடுத்துவிட்டால் அந்தச் செலவும் கட்டாது, உங்களிடம் வாங்கிய கடைக்காரரும் அடுத்த ஆண்டு வரமாட்டார். நேரடி விலை கடை விலையைவிடக் கீழே போகவே கூடாது. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு கண்காட்சிக்காவது போவது நல்லது. எந்தப் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், எதைப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள் என்பது மொத்த வியாபாரி மூலம் தெரியவே தெரியாது. 1973-ல் தொடங்கிய, தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் நவராத்திரிக்கு முன்னால் கொலு கண்காட்சி நடத்துகிறது. சென்னையை அடுத்த தட்சிணசித்திரா போன்ற இடங்களிலும் கைவினைச் சந்தைகள் உண்டு.

விற்றால் பணம், இல்லாவிட்டால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கடைகளிடம், கடையில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் அது எப்போதும் செய்தவர் தலையில்தான் விழும்.

இணைய விற்பனையில் மண்ணுக்கென்று ஒரு தனிச் சிக்கல். கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். உடையாமல் இருக்க 40-க்கு 30-க்கு 25 பெட்டியில் வைக்கோலும் அட்டையும் திணித்து அனுப்பினால், உண்மை எடை 4 கிலோவாக இருந்தாலும் 6 கிலோவுக்குக் கட்டணம். அதனால் இணையத்துக்கென்றே உயரம் குறைந்த, நீட்டிய கைகள் இல்லாத, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செட்டை வடிவமைப்பவர்களுக்கு அங்கே ஆதாயம் அதிகம். எட்சி போன்ற வெளிநாட்டுத் தளத்தில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம். 2022 ஏப்ரலில் 5-லிருந்து அதை உயர்த்தியபோது ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சதவீதம் பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான். கனமான மண் பொம்மை விற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

வெளிநாட்டுத் தமிழர்களின் கொலுவை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து 2025-ல் தெரிந்தது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கை ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. அதனால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அங்கே போகும் பார்சல்களை நிறுத்தியது. மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15-ல். அந்த ஆண்டு நவராத்திரி செப்டம்பர் 22-ல் தொடங்கி, இடையிலேயே முடிந்துவிட்டது.

காகித வேலைகள் பயப்படும் அளவுக்கு இல்லை. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. 2023 அக்டோபர் முதல், பதிவில்லாத சிறு வியாபாரிகளும் ஒரு சேர்க்கை எண் பெற்று மாநிலத்துக்குள் இணையத் தளங்கள் வழியாக விற்க முடிகிறது. ஏற்றுமதிக்கு 500 ரூபாயில் ஏற்றுமதி-இறக்குமதி எண். குழந்தைகள் விளையாடும் பொம்மை செய்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. வீட்டில் துணிப் பொம்மை தைத்து விற்கும் பல பெண்களுக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. அந்தப் பதிவுக்கான கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதை அவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

விஜயதசமிக்கு மறுநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. எந்த செட் எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது, எந்த உருவம் அதிகம் உடைந்தது, யார் என்ன நிறம் கேட்டார்கள் என்று எழுதி வைப்பது. தங்கிய சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிட மனம் துடிக்கும். சந்தை செட் 60-தான் விற்றது என்றால் மூலத்துக்கும் அச்சுக்கும் போட்ட 12,000-ல் 7,200 வந்திருக்கிறது, 4,800 பாக்கி. சுட்ட மண் ஒரு வருடத்தில் கெட்டுப்போகாது. அடுத்த பருவத்தில் புடவை நிறங்களை மாற்றி, பூக்காரியைச் சேர்த்து, இன்னும் 40 செட் அதே 800-க்கு விற்றால் அந்தப் பாக்கி தீரும். 101-வது செட்டிலிருந்து அந்த 120 ரூபாய் விடுபடுகிறது. அப்போது நகலெடுத்தவரின் 720-க்கு நீங்களும் இறங்கலாம். உங்களுக்குச் செட்டுக்கு 120 மிஞ்சும்.